உப்புத் தவிடு

இழுக்கட்டும், நன்றாகப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும், நான் இழுத்துப் பார்க்காத தோலா, மாட்டுத் தரகன் சென்னியப்பன் விலாத் தோலைப் பிடித்து விட்டானென்றால் அது திரும்பிப் போய் ஒட்டுகிற வேகத்தை வைத்தே அந்த மாடு போன மாசம் என்ன தின்றது, எவன் வீட்டில் தின்றது, மனசாரத் தின்றதா என்பது வரைக்கும் சொல்லிவிடுவான் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான், அது வேறு விசயம், இன்றைக்குக் கயிற்றின் அந்தப் பக்கத்தில் நிற்கிறேன், பார்க்கிறவன் இடத்தில் இந்தப் பெண் நிற்கிறாள், ஷைனி என்று நெஞ்சில் பேர் குத்தியிருக்கிறாள், சாப்பாட்டு டாக்டர் என்று நான் சொன்னதற்கு டயட்டீசியன் மாமா என்று துளசிமணி திருத்தினாள், என்னவோ ஒன்று, என் மேல்கைக்குப் பின்னால் தொங்குகிற தோலை ஒரு இடுக்கியால் கவ்வி அதிலிருக்கும் முள்ளைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு மறுபடி கவ்வுகிறாள், நம்பாத வியாபாரி இப்படித்தான் செய்வான், முதல் தடவை மாட்டை நம்ப மாட்டான், இரண்டாம் தடவை தன்னையே நம்ப மாட்டான். பல்லையும் பாத்துருங்க அம்மிணி, வயசு தெரியும் என்று வாயைத் திறந்து காட்டினேன். சிரித்துவிட்டாள். சிரித்தாலும் கண் மட்டும் என் நெற்றிப்பொட்டுப் பள்ளத்திலேயே நின்றது, அங்கிருந்து காறை எலும்புக்கு இறங்கிற்று, சட்டையை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாமா என்றிருந்தது, அந்தக் காலத்தில் இடுப்பெலும்பு துருத்திய காளை ஒன்றில் ஒருத்தன் குடையை மாட்டிவைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டான், திரும்பி வந்தவனிடம் இது குடை மாட்டுகிற சாதி, ராஜபரம்பரை, ஊர்வலத்துக்கென்றே வளர்க்கிறது என்று சொல்லி ஓட்டிவிட்டேன், இந்தப் பெண்ணிடம் என்ன சாதி என்று சொல்வது.

சுவரோரம் ஸ்டூலில் துளசிமணி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கூடை, கூடையில் பிளாஸ்க், பிளாஸ்க்கில் விடியுமுன் எழுந்து மிக்சியில் அடித்து வடிகட்டின கஞ்சி. என் மருமகள். குமரவேல் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டான், எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறான், இங்கே சோற்றுக் குழாயில் கட்டி வந்த அப்பனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவள் இவள்தான். வருகிற வியாழக்கிழமை ஆபரேசன் என்று பெரிய டாக்டர் சொன்னார், சொன்ன கையோடு, உடம்பு தாங்குமான்னு அந்த ரூம்ல பாத்துச் சொல்லட்டும் என்று இங்கே அனுப்பிவிட்டார். தாங்கும் என்று இந்தப் பெண் எழுதினால் வியாழக்கிழமை கத்தி. தாங்காது என்றால் மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் வாரக்கணக்கில் கஞ்சி, உடம்பு தேறினால் அப்புறம் கத்தி. மூக்கணாங்கயிறு என்று நினைத்துக்கொண்டால் குழாயில் எனக்கு ஒன்றுமில்லை, எத்தனை கன்றுக்கு மூக்குக் குத்தக் கூட நின்றிருக்கிறேன். ஆனால் அது என் மூக்கில் தொங்கினாலும் துளசிமணி கழுத்தில் மாட்டின பழிப் பலகை அல்லவா. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகள் ருக்மணி போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது போனில் யாரிடமோ பேசினாள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்து வாசலிலேயே நின்று பேசினாள்: அந்த ஊட்டு ஆட்டுக்குட்டி கூடக் கொழுத்துத் திரியுதுங்க, எங்கப்பன் மட்டும் எலும்பாத் திரியறாரு, என்னத்தச் சொல்ல. என்னத்தச் சொல்ல என்கிறவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழாயோடு வீட்டுக்குப் போனால் பார்க்க வருகிற சனம் என் மூக்கைப் பார்க்காது, இவள் சமையலறையைத்தான் பார்க்கும்.

அதனால்தான் உப்பு. எந்தத் தரகனுக்கும் தெரிந்த வித்தைதான், சந்தைக்கு முதல் நாள் தவிட்டில் கைநிறைய உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்துவிட்டால் விடியற்காலையில் மாடு தொட்டியையே குடிக்கும், வயிறு உருளும், விலா மறையும், தோல் மினுங்கும், வாங்குகிறவன் கண்ணுக்கு அது குடித்த தண்ணீர் தெரியாது, தின்ற தீவனம்தான் தெரியும். போன தடவை வந்ததிலிருந்து நாக்கில் உப்பைத் தொட்டு வைத்துக்கொண்டு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே இருக்கிறேன், தண்ணீர் மட்டும் இன்னும் போகிறது, மெதுவாக, கெஞ்சிக் கெஞ்சி. வெளியே எடை மிசினில் ஏற்றிய நர்சு, தாத்தா எடை குறையவே இல்லையே, பரவால்லையே என்றாள், துளசிமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. அந்த முகத்துக்காக இன்னும் ஒரு படி உப்புத் தின்னலாம். ஆனால், இந்த ஆனால்தான் ராத்திரியெல்லாம் தொண்டையில் நிற்கிறது, உப்புத் தண்ணீர் குடித்த மாடு நுகத்தடியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை, வாங்கினவன் வீடு போவதற்குள் மூத்திரம் பெய்து வற்றிவிடும், மறுநாள் ஏரில் பூட்டினால் முன்னங்காலை மடித்து அப்படியே உட்கார்ந்துவிடும், வியாழக்கிழமை பெரிய டாக்டர் என்னை ஏரில் பூட்டுவார், நான் மேசை மேல் முன்னங்காலை மடிப்பேன். உண்மையைச் சொன்னால் இவள் மாட்டிக்கொள்கிறாள், பொய்யைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்கிறேன், நடுவில் நுழைய ஒரு சந்து இல்லாமலா போகும், எப்பேர்ப்பட்ட வியாபாரத்திலும் ஒரு சந்து விட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க தாத்தா, ஒண்ணு விடாம சொல்லுங்க என்று பேனாவைத் திறந்தாள் ஷைனி. இதற்குத்தானே பிறந்தேன். வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம்கூட, சின்ன வயசில் முழுங்கின புளியங்கொட்டை இப்போது தொண்டையில் முளைத்திருக்கிறது, ஆபரேசன் பண்ணிப் பழத்தை டாக்டரும் நானும் பாதிப்பாதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு என்று சொன்னேன், அந்த மனுசன் தன் நோவை மறந்து சிரித்தான். எழுதிக்கங்க அம்மிணி என்று ஆரம்பித்தேன், காலையில ராகிக் கூழு ஒரு சொம்பு, மோரு ஊத்தி, பொறவு பத்து மணிக்கு ஆட்டுக்கால் சூப்பு. அவள் எழுதினாள். மத்தியானம் சோறும் பச்சைப்பயறு கடைசலும், நெய் மெதக்க மெதக்க. நெய் எவ்வளவு இருக்கும் தாத்தா? உள்ளங்கையக் குழிச்சா நெறையற அளவுங்க. துளசிமணி ஸ்டூலிலிருந்து, ரெண்டு ஸ்பூன்தானுங்க, மாமா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாரு என்றாள், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, நான் கூட்டின நெய்யைத் தவிர மற்றதெல்லாம் நிஜம் என்று மனசார நம்புகிறாள், ஏனென்றால் மற்றதெல்லாம் அவள் ஆக்கினதுதான், சொம்பில் ஊற்றினதுதான், சொம்பு காலியாகத் திரும்பி வந்ததுதான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் நேற்றிலிருந்து எழுந்து வந்து என் முன்னால் நிற்கிறது, கூழ், முதல் வாய், அது இறங்கி நெஞ்சுக்குழிக்கு மேலே நிற்கும், சுங்கச்சாவடியில் லாரி நிற்பது போல, பின்னால் வருகிற எச்சிலெல்லாம் வரிசையில் நின்று ஆரன் அடிக்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், முதுகுக்குள் ஆணி இறங்கும், அப்புறம் ஒரு வழியாகத் திறக்கும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பும், இரண்டாம் வாய்க்குக் கை போகாது. அவள் துணி துவைக்கப் போகிற நேரம் பார்த்துச் சொம்போடு கொல்லைக்குப் போவேன். அங்கே ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. கூழு, சூப்பு, நெய் போட்ட கடைசல், எல்லாம் அதற்குத்தான். இப்போது அது செடி இல்லை, மரம், இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம், பக்கத்து வீட்டுக்காரி ஒடிக்க வந்தவள் என்னத்தப் போட்டு வளக்கறே துளசி என்று கேட்டாள், இவள், ஒண்ணும் போடறதில்லீங்க்கா, தானா வருது என்றாள். நான் தின்பண்டம் திருடின பயல் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராத்திரிக்கு, என்றாள் ஷைனி. ராத்திரிக்கு என்று நானும் சொன்னேன். நேற்று ராத்திரிக்கு என்னவாக இருந்தால் நன்றாக இருக்கும்.

முள் வைத்த ஒரு கைப்பிடியைக் கொடுத்து, முடிஞ்ச மட்டும் அமுக்குங்க என்றாள், கையில எவ்வளவு பலம் இருக்குன்னு பாக்கணும். அமுக்கினேன். முரட்டுக் காளையை மூக்கணாங்கயிற்றில் ஒரு கையால் நிறுத்தினவன் நான், இரண்டு காளை என்று சொல்வது வழக்கம், முள் ஏதோ பூச்சி மாதிரி அசைந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை தாத்தா. மறுபடி பூச்சி. அவள் கைப்பிடியை வாங்கக் கை நீட்டியபோதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது, இந்த அறையில் எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருப்பதுதானே தொல்லை, சந்தையில் எந்த மடையன் விலையை வாய்விட்டுச் சொல்வான், இரண்டு பேர் கைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம், உள்ளே விரலைப் பிடிப்போம், ஒரு விரல் என்றால் இவ்வளவு, பாதி மடித்தால் இவ்வளவு, சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் எவனுக்கும் தெரியாது, மாட்டுக்குக்கூடத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை உருவி அவள் கை மேல் போட்டேன். உள்ளே அவள் இரண்டு விரலைப் பிடித்து, இரண்டாவதைப் பாதியில் மடக்கினேன், ஒண்ணரை வாய், நேத்துப் பூராவும் ஒண்ணரை வாய் அம்மிணி, புரிந்துகொள், கண்ணைப் பார், வாயால் கேட்காதே, அந்தப் புள்ள உக்காந்திருக்கு. ஷைனியின் கை ஒரு நிமிசம் திகைத்து நின்றது, அப்புறம் மெத்தென்று என் கையைத் தட்டிக்கொடுத்தது. பயமா இருக்கா தாத்தா, பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும். மாமா, என்ன பண்றீங்க, அவங்க கைய விடுங்க என்று துளசிமணி வெட்கத்தில் எழுந்தேவிட்டாள். ஒண்ணுமில்ல, வேர்த்துச்சு, தொடச்சேன் என்று துண்டை எடுத்துக்கொண்டேன். படிச்ச புள்ளைகளுக்குச் சந்தைப் பாசை யார் சொல்லிக்கொடுத்தார்கள், என் பங்குக்கு நானும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் அவள் கீழே குனிந்தாள். வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, கணைக்கால் எலும்பு மேல் கட்டை விரலை வைத்து அமுக்கினாள், வலிக்கவில்லை, ஒன்றுமே இல்லை, விரலை எடுத்தாள், விரல் போன பின்பும் விரல் இருந்த இடம் அப்படியே இருந்தது. குழி. ஈரக் களிமண்ணில் மாட்டுக் குளம்பு பதிந்த மாதிரி, மேடாகவே இல்லை, நான் பார்க்கிறேன், அவள் பார்க்கிறாள், துளசிமணி பார்க்கிறாள், மூன்று பேரும் அந்தக் குழி மேடாகட்டும் என்று காத்திருக்கிறோம், அது ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமாகக்கூட இருந்தது, பிடித்துவிட்டாளே, இடுக்கியும் கைப்பிடியும் எதற்கு, கட்டை விரல் போதுமே, இவளை அந்தக் காலத்தில் சந்தையில் விட்டிருந்தால் நானெல்லாம் கடையைக் கட்டியிருப்பேன். சந்தோசம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஷைனி நிமிர்ந்தாள், சிரிப்பு இல்லை. எடை குறையலைன்னு வெளிய சொன்னாங்கல்ல, இது எடை இல்ல தாத்தா, தண்ணி, காலு பூராவும் நீர். நீங்க சொன்ன சாப்பாடெல்லாம் உள்ள போயிருந்தா கையில இப்படிச் சதை கரைஞ்சிருக்காது. அவள் என்னிடம்தான் சொன்னாள். ஆனால் அடி விழுந்தது ஸ்டூலில். அப்ப நான் பொய் சொல்றேனுங்களா என்றாள் துளசிமணி, குரல் மேலே போய் உடைந்தது, விடியாம எந்திரிச்சு ஆக்கறேனுங்க, என் கையால ஊத்திக் குடுக்கறேனுங்க, சொம்பு காலியாத்தான் வருது, வேணும்னா எங்கூட்டுக்கு வந்து பாருங்க, நாங்க சோறு போடாத சனமில்லீங்க.

நாங்க சோறு போடாத சனமில்லீங்க. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறாள், அப்படியானால் அந்தக் கேள்வி ராவும் பகலும் இவள் காதில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ருக்மணி வாசலில் நின்று பேசியது எனக்கு மட்டுமா கேட்டிருக்கும். வாயில் கதைகள் வரிசைகட்டி வந்து நின்றன, செய்வினை என்று சொல்லலாம், வயிற்றுக்குள் கொக்கிப் புழு ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம், எதைச் சொன்னாலும் அந்தக் குழி மேடாகாது. போதும் அம்மிணி, அந்தப் புள்ள பொய் சொல்லல என்றேன், அது ஆக்குனது நெசம், ஊத்துனது நெசம், நாந்தான் குடிக்கல. எறங்கறதில்ல. ஒரு வாய், ரெண்டு வாய், அதுக்கு மேல நின்னுக்குது. மீதிய நான் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திருவேன். துளசிமணி என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஆட்டுக்கால் சூப்புமா என்று கேட்டாள். ஆமா. நெய்யுமா. ஆமா கண்ணு. அதானே பாத்தேன், செடி கெடாயாட்டக் கொழுத்துக் கெடக்குதேன்னு என்றவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, கூடையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள், உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது, எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க மாமா, ஊரே கேக்கக் கதை சொல்றீங்க, எங்கிட்ட மட்டும் சொல்ல வாய் வர்லீங்களா.

குழாய்தான் தாத்தா, டாக்டர்கிட்டப் பேசறேன், வியாழக்கிழமை வேண்டாம், முதல்ல உடம்பத் தேத்துவோம் என்றாள் ஷைனி. இதோ சந்து, இத்தனை நேரம் தேடின சந்து, தரகனுக்கு இது தெரியாமல் போகுமா. போட்டுக்கறேன் அம்மிணி, ரெண்டு மூக்குலயும் வேணும்னாலும் போடுங்க, ஆனா ஒரு பேரம். எம் பொண்ணு பல்லடத்துல இருக்கு, அதுக்கு ஒரு போன் பண்ணி, இது மருமக சோறு போடாததால வந்ததில்லைன்னு உங்க வாயால சொல்லோணும், நான் சொன்னாக் கதைம்பா, நீங்க சொன்னா நம்புவா. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், போனை எடுத்தாள், துளசிமணி நம்பர் சொன்னாள், மேசை மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அமுக்கினாள். வியாபாரம் படிந்தது, இனி நான் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஷைனி அழகாகச் சொன்னாள், வழி சுருங்கியிருக்கு, யார் வீட்ல இருந்தாலும், யார் ஊட்டினாலும் இப்படித்தான் மெலிஞ்சிருப்பார், இந்த நோய் சாப்பாட்டை மட்டும் இல்ல, சதையையும் தின்னும், உங்க தம்பி சம்சாரம் மேல ஒரு தப்பும் இல்லைங்க. அப்புறம் ருக்மணி, அதெப்படிங்க என்றாள், நான் போறப்பல்லாம் சுட்டு எடுத்துட்டுப் போற தோசையில எங்கப்பா ரெண்டு தின்னாருங்களே, என் கண்ணு முன்னால, நான் பிச்சுப் பிச்சு வாயில குடுத்து, நல்லாருக்கு கண்ணுன்னு சொல்லிச் சொல்லித் தின்னாருங்களே, எங்கையில தின்னவரு அங்க மட்டும் ஏன் தின்னமாட்டாரு?

அப்படியா. அப்படியா விசயம். இவள் வீட்டில் எனக்குப் பட்டினி இல்லை என்று காட்டத்தான் ருக்மணி வருகிறபோதெல்லாம் அந்தத் தோசையைத் தின்றேன், ஒவ்வொரு வாயையும் ஆணி மாதிரி அறைந்து இறக்கினேன், அந்த நடிப்பையே அவள் சாட்சியாக வைத்துக்கொண்டுவிட்டாள், நான் காப்பாற்றுவதாக நினைத்துத் தின்ற ஒவ்வொரு தோசையும் துளசிமணி தலையில் விழுந்திருக்கிறது. ஷைனி என்னைப் பார்க்கிறாள், துளசிமணி பார்க்கிறாள், மேசை மேல் போன் பார்க்கிறது, இது ஷைனியோடு போட்ட பேரத்தில் இல்லை, இதை நான்தான் சொல்ல வேண்டும், சொன்னால் இவள் தலை நிமிரும், அங்கே ருக்மணியிடம் இருக்கிற ஒன்றே ஒன்று போய்விடும், எங்கப்பன் எங்கையில தின்னாரு என்பது, பொறந்த வீட்டில் அவளுக்கென்று இன்னும் மிச்சமிருப்பது அதுதானே, அதைப் பிடுங்க எனக்கு எப்படி வாய் வரும், பிடுங்காவிட்டால் இவளை எப்படி விடுவிப்பது. கண்ணு ருக்கு என்றேன். சொல்லுங்கப்பா. அதுவும் எறங்கல கண்ணு. நீ பஸ் ஏறினதும் வேலிக்குப் பொறத்தால போய் எல்லாத்தையும் வாந்தியெடுத்துட்டேன். கதை விடாதீங்கப்பா என்றாள், அவசரமாக, சின்னப் பிள்ளைக் குரலில். கதையில்ல சாமி. எல்லாத் தடவையுமாப்பா? எல்லாத் தடவையும். போனுக்குள் எங்கோ பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. துளசிமணிதான் எழுந்து வந்து போனுக்கு முன்னால் குனிந்தாள், நங்கையா என்று நாத்தனாரைக் கூப்பிட்டு, எனக்கும் இப்பத்தான் தெரியும் என்றாள், சண்டைக்காரக் குரல் எங்கே போயிற்றோ. தெரிஞ்சிருந்தா உங்களுக்குச் சொல்லாம இருப்பனா. போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுக்கு வர்றேன் துளசி என்றாள் என் மகள், வெறுங்கையோடதான் வருவேன், அப்பாகிட்டச் சொல்லிரு.